எஞ்சினுக்கு வைத்த சந்தனம்

இன்று மாடல் ரயில் கண்காட்சியில் என் எஞ்சின் டப்பாவைத் திறந்தேன். மசகெண்ணெயும் காய்ந்த சந்தனமும் கலந்த அந்த வாசம் என்னை எண்பதுகளின் லண்டன் தோர்ண்டன் ஹீத்துக்கு, இப்போது இடித்துவிட்ட எங்கள் பிளாட்டின் சின்ன அறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

சூட்கேஸ் வைக்கத்தான் இடம் காணும் என்ற அந்த அறையில் அப்பா ஒரு பழைய கதவைக் கிடத்தி, அதன்மேல் வேல்ஸ் மலைரயிலை ஓடவிட்டிருந்தார்: சாம்பல்நிறச் சிலேட்டுக் குன்று, பஞ்சில் செய்த செம்மறிகள், கிர்ரென்று முனகும் டிரான்ஸ்போமர், வளைவுதோறும் இருமிக்கொண்டே திரும்பும் பச்சை எஞ்சின். ஒரு பனை நட்டால் என்ன என்று கேட்ட மாமாவுக்கு, "வேல்ஸில பனை நிக்காது" என்று ஒரே போடாய்ப் போட்டார்.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் புத்தகங்களோடு எஞ்சினையும் கும்பத்தடியில் வைத்த அம்மா, லொறிக்குப் பூசுவதுபோல சக்கரச் சில்லுகளிலெல்லாம் தாராளமாய்ச் சந்தனம் அப்பிவிட்டார். தண்டவாளத்து மின்சாரம் சில்லு வழியாகத்தான் ஏறவேண்டும். அடுத்த நாள் சொந்தக்காரர் எல்லோரும் சுற்றி நிற்க, எஞ்சின் அசையவே இல்லை. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்பா சில்லுகளைத் துடைத்து, எஞ்சினை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இஞ்சாரும், இதின்ர நெத்தியில பொட்டு வையும்."

வைத்தார். ஓடியது.

இன்றும் பொட்டோடுதான் ஓடியது. வேல்ஸ்காரக் கிழவர் ஒருவர் குனிந்து பார்த்து, தங்கள் ஊர் ரயில் கொம்பனி எஞ்சின் எதிலும் இந்த மஞ்சள் குறி இல்லையே என்றார்.

எங்கள் கொம்பனியில் உண்டு என்றேன்.