பக்கத்துக் கட்டிலைப் பார்க்கச் சொன்ன ரோசலின் சிஸ்டர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் பிரசவ வார்டின் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ரோசலின் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, நான் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டேன். அரூர் பேருந்தில், கண்ணாடி இல்லாமல் பார்த்தால் நர்சுகள் குழுவில் வருவதெல்லாம் டியூட்டி மாற்றம் மாதிரிதான் தெரியும். தோழி ஒருத்தி போனில் கூப்பிட்டு, "ஏன்டி, சிஸ்டர் மேல உனக்கு அப்படி என்ன கோவம்?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடியைத் தேடினேன். போட்ட பிறகும் எழுத்து தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

அவருடன் வேலை பார்த்துவிட்டுப் போன உங்களுக்கு அந்த வார்டு நினைவிருக்கும். கட்டில்கள் நிறைய, நிரந்தர நர்சுகள் அவரும் நானும் மட்டும். ஒப்பந்தத்தில் வரும் பெண்கள் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டே ஊசி போடுவார்கள். தேர்வில் தேறியதும் விமானம் ஏறிவிடுவார்கள். அப்படி வந்த கவிதா கிளம்பியபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சிஸ்டர் என்னை ஓரமாக இழுத்தார்.

"அழ வெச்சு அனுப்பாத புள்ள. இங்க வேல நிரந்தரமாகுமான்னு எத்தன நாளைக்குக் காத்துக் கெடப்பா? அவ கைக்கு மதிப்பிருக்கற ஊருக்குப் போறா."

பிறகு மருந்து அறைக்குள் போய் அவரே அழுதார். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எட்டிப் பார்ப்பது என் பிறவிக் குணம்.

அந்தக் குணம் ஊருக்கே இருப்பதை அவர் கண்டுகொண்டார். துணைக்கு வருகிறவர்கள் தம் ஆளைவிடப் பக்கத்துக் கட்டிலைத்தான் கவனிப்பார்கள்: யார் வந்தார்கள், சம்பந்தி என்ன கொண்டுவந்தாள். சிஸ்டர் அதையே காவலாக்கினார். "ஆத்தா, உங்க மவள உடுங்க. பக்கத்துப் புள்ளயப் பாருங்க. குளுக்கோஸ் பாட்டல் கழுத்துக்கு எறங்குனா கத்துங்க. மொகம் வெளுத்தாலும் கத்துங்க."

ஒரு நாள் தீர்த்தமலைப் பக்கத்து ஆத்தா கத்திய கத்தலில் ஓடினோம். பக்கத்துக் கட்டிலில் அன்று காலை பிள்ளை பெற்றவளுக்குப் போர்வைக்கடியில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "மாமியாகூட மல்லுக்கட்டிட்டு இருந்த புள்ளங்க. திடீர்னு பேச்ச நிறுத்திட்டா. அதாங்க சந்தேகம்," என்றார் ஆத்தா. அந்தப் பெண் பிழைத்தாள்.

நான் ஆத்தாவைப் புகழ்ந்து தள்ளினேன். கை கழுவிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பவில்லை. "அவங்க டீ குடிக்கப் போயிருந்தா என்ன பண்ணியிருப்போம் புள்ள? இந்த வார்டுக்கு இன்னொரு நர்ஸ் வேணும். நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒருத்திய வாங்கிடணும்." அதற்காக மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

என்னிடம் அவர் விட்டுப்போனது அந்தக் கேள்விதான். எந்த ஆத்தாவாவது டீக்கு எழுந்தால் அவர் இடத்தில் நான் போய் நிற்கிறேன். சிஸ்டர் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்பார் என்று இன்னும் ஒரு நப்பாசை.

அவர் எழுதியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. ஓர் அதிகாரி நேரில் வந்தார். வார்டைச் சுற்றிப் பார்த்து சிஸ்டரை மனதாரப் பாராட்டினார். இவ்வளவு நன்றாக நடக்கும் வார்டுக்குக் கூடுதல் நர்ஸ் தேவையில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார்.