அண்டாவுக்கு வயிறு நிறைந்த நாள்

வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் மாடிப்படி வழியாக இறக்கித் தருவது அவர் தொழில். அவர் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் அண்டா. வயிறு நிறைவது என்றால் என்னவென்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. பாத்திரம் காலியானால் எழுந்துகொள்வார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பசியைப் பற்றி ஆராய்ச்சி, வருகிறவர்களுக்கு வேண்டுமட்டும் சாப்பாடு என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றார். மருந்து தருவார்கள் என்று தெரியும். எந்த வழியாக என்றுதான் கேட்கவில்லை.

"திரும்பிப் படுங்க" என்றார் நர்ஸ்.

"வாய் இந்தப் பக்கம் இருக்கும்மா!"

"மருந்து அந்தப் பக்கம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "கொழுப்பு செரிக்கறதுக்குக் கல்லீரல் பித்த அமிலம் சுரக்குது. அது குடலோட கடைசிப் பகுதிக்கு வந்தா, அங்க இருக்கிற செல்கள் ஹார்மோன் விடும். அது மூளைகிட்ட 'போதும்'னு சொல்லும். நாங்க அந்தப் பித்த அமிலத்தை நேரா அங்கயே வைக்கிறோம். ஒரு தடவை நிஜ மருந்து, ஒரு தடவை வெறும் தண்ணி. எது எப்பன்னு சொல்ல மாட்டோம்."

"மூளைக்குச் சேதி சொல்ல இந்த வாசல்தான் கிடைச்சுதா?" என்று முனகியபடி திரும்பிப் படுத்தார்.

பிறகு சாப்பாடு வந்தது. இரண்டாவது தட்டில் பாதியில் கை நின்றுவிட்டது. அண்டாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"டாக்டரம்மா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு! உள்ள இறங்க மாட்டேங்குது!"

"ஒண்ணும் ஆகலை. வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஓ... இதுதானா அது?"

அன்று மாலை வீட்டிலும், மருந்து, தண்ணி என்று ஆஸ்பத்திரிக் கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டே அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். நாக்குக்கு முதல்முறையாக வேலை கிடைத்தது.

"குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலோ?"

மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "கல்யாணமான நாள்லேருந்து இதே உப்புதான். இப்பத்தான் உங்களுக்கு நாக்கு முளைச்சுதா?" என்றவள், அதன் பிறகு ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் தட்டுகள் பளபளவென்று காலியாகித் திரும்பின. வீட்டுக்கு வந்தும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

"உப்பு?" என்றாள் மனைவி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"பிரமாதம்" என்றார், தலை நிமிராமல்.

அவள் உள்ளே போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "இன்னொரு தடவை இவரைக் கூப்பிட்டா, தயவு செஞ்சு அந்தத் தண்ணியவே வைங்கம்மா."