கெட்டிமேளம் கேட்கிற போன்

மனோ மாமி ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரருக்கு அன்றைக்கு வேறு வியாபாரம் ஓடாது. கிரைண்டர் வாங்கப் போன நாளில், ஊறப்போட்ட உளுந்தை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போனவர் அவர். "இதை அரைச்சுக் காட்டுங்கோ, பிறகு விலை கதைப்பம்" என்றார். கடைக்காரர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. உளுந்து பொங்கிப் பொங்கி அரைபட்ட பிறகுதான் கைப்பையைத் திறந்தார். அந்தக் கிரைண்டர் மாமியின் மார்சிலிங் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லும்போது மாமி கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார்.

முழுப்பெயர் மனோரஞ்சிதம். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். கப்பல் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சீனியர் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆனால் மாமிக்கு ஒரு பதவி இருந்தது. யாரும் கொடுத்த பதவி அல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, நல்லூர் என்று சிதறிக் கிடக்கிறார்களா? சிங்கப்பூரில் ஒரு விசேஷம் என்றால் அத்தனை பேருக்கும் அதை வீடியோ காலில் காட்டுவது மனோ மாமிதான். கை ஆடாது. மணவறைக்கு எந்தப் பக்கம் நின்றால் ஐயரின் முதுகு மறைக்காது என்பது அவருக்கு அத்துப்படி. "மனோ பிடிச்சால் நாங்கள் அங்கை நிக்கிற மாதிரி" என்று லண்டனில் ஒரு சித்தி சொன்னதை மாமி பத்துப் பேருக்காவது திருப்பிச் சொல்லியிருப்பார்.

அந்தப் பதவிதான் போன வருஷம் ஜூரோங்கில் நடந்த ஒரு கல்யாணத்தில் பறிபோனது. வழக்கம்போல மாமி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்!" என்றார். தவில் அதிர்ந்தது, நாயனம் எகிறியது, மண்டபமே குலுங்கியது. அந்த நேரத்தில் மாமி பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "மாப்பிளை வீட்டாரிட்டைச் சாம்பாருக்கு உப்புப் போடக் காசில்லைப் போல" என்று முணுமுணுத்தார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது?

ஐயோ, கேட்டது! மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ரொறன்ரோவுக்குக் கேட்டது, லண்டனுக்குக் கேட்டது, சிட்னியில் மாப்பிள்ளையின் சொந்தப் பெரியம்மாவுக்கும் பளிங்கு மாதிரிக் கேட்டது. மேளம் மட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் வேண்டாத வார்த்தை எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம்? அந்தப் பாழாய்ப்போன போன் மேளத்தை விழுங்கிவிட்டு வேண்டாத வார்த்தையை மட்டும் பொறுக்கியெடுத்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஒரே அமளி. கடைசியில், இனி இந்த வேலைக்கு மனோ வேண்டாம் என்று முடிவாயிற்று. மாமி பதில் எழுதவில்லை. மனசு அவ்வளவு நொந்துபோயிருந்தது.

இந்த நிலையில்தான் ஆரபியின் கல்யாணம் வந்தது. ஆரபி, மாமியின் அண்ணன் ஜெயரத்தினத்தின் மகள். ரொறன்ரோவில் பிறந்து, வேலைக்குச் சிங்கப்பூர் வந்து, மாமியின் வீட்டிலேயே தங்கி, இங்கேயே வசீகரன் என்ற பையனைப் பிடித்துக்கொண்டாள். காத்தோங் செண்பக விநாயகர் கோயிலில் கல்யாணம். தாய் வந்துவிட்டாள். தகப்பனால்தான் வர முடியவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். விமானம் என்று பேச்சே எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதாததற்குச் சர்க்கரை கண்ணையும் தின்றுவிட்டிருந்தது. திரையில் நிழல்தான் தெரியும், முகம் தெரியாது.

அவர் தங்கைக்குப் போன் செய்தார்.

"மனோ, நீதான் பிடிக்கவேணும்."

"குழுவிலை என்னை வேண்டாமெண்டு விட்டினமே, அண்ணை."

"குழு கிடக்கட்டும். எனக்குப் படம் வேண்டாமடி. மேளச் சத்தம் கேட்டால் காணும். தாலி ஏறுற அந்த நேரத்திலை நான் இஞ்சை இருந்து அட்சதை போடவேணும். என்ர ஒரே மகள்."

"கேக்கும் அண்ணை, நான் பொறுப்பு" என்று மாமி சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஜூரோங்கில் மேளத்தை விழுங்கிய போன் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் மாலையே லிட்டில் இந்தியாவுக்குப் போனார். டன்லப் தெருவில் அர்ஃபானின் போன் கடை. நாற்பதைத் தாண்டிய ஆள், தாத்தா காலத்திலிருந்து இந்தத் தெருவில் வியாபாரம் செய்கிற குடும்பம், பேச்சில் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். மாமியைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஆண்ட்டி, இது புது மாடல் லா. ராத்திரியில எடுத்தாக்கூட பகல் மாதிரி வரும். நிலாவுல குழி தெரியும்."

"நிலவிலை எனக்கு ஆரும் சொந்தக்காரர் இல்லைத் தம்பி. இதுக்குத் தவில் கேக்குமோ?"

அர்ஃபான் முழித்தார். மாமி ஜூரோங் கதையைச் சாம்பார் உட்பட மறைக்காமல் சொன்னார். அர்ஃபான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

"அது போன் ரிப்பேர் இல்ல ஆண்ட்டி. இப்ப வர்ற போன்ல சாஃப்ட்வேர் அப்படி. பேசுறவங்க குரலை மட்டும் வச்சுக்கிட்டு, சுத்தி இருக்குற இரைச்சலை எல்லாம் அழிச்சிடும். உங்களுக்கு அப்டேட்ல வந்திருக்கும்."

"மேளம் இரைச்சலோ?"

"நமக்கு இல்ல. அதுக்கு இரைச்சல்தான்."

மாமிக்கு வந்ததே கோபம்! பரம்பரை பரம்பரையாக வாசித்து வருகிற மேளத்தை இரைச்சல் என்று சொல்ல இந்தக் கண்ணாடித் துண்டு யார்? அர்ஃபான் அவசரமாக, சில போன்களில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்று சமாதானம் சொன்னார். மாமியின் பழைய போனில் அதற்கு வழி இல்லை. மேசைமேல் வெவ்வேறு கம்பெனிப் போன்கள் மூன்று வந்து உட்கார்ந்தன. எது சரிப்படும் என்று கேட்டால், அர்ஃபானுக்கே தெரியவில்லை. கடைக்குள் தவிலுக்கு எங்கே போவது?

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வீரமாகாளியம்மன் கோயிலிலை இப்ப சாயரட்சைப் பூசை. வாருங்கோ தம்பி."

"நானா?"

"போன் உங்கட. நான் தூக்கிக்கொண்டு ஓடினால்?"

அர்ஃபான் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, மூன்று போன்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். சிராங்கூன் சாலையில் கோயிலுக்கு வெளியே நடைபாதையில் நின்றார்கள். உள்ளே மேளம் தொடங்கியது. ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஜெயரத்தினம் தேத்தண்ணியோடு காத்திருந்தார்.

முதலில் நிலாவைக் காட்டுகிற போன். அர்ஃபான் அந்த வசதியை அணைத்துக் கொடுத்தார்.

"ஆ! வந்திட்டுது மனோ! தவில் வந்திட்டுது!" என்று கத்தினார் அண்ணன். அர்ஃபான் வெற்றியோடு சிரித்தார். ஆனால் மாமி எதையும் ஒரு தரத்தோடு நம்புகிற ஆள் இல்லை. இணைப்பைத் துண்டித்து மறுபடியும் அழைத்தார். "இப்ப உன்ர மூச்சுத்தான் கேக்குது" என்றார் அண்ணன். ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தப் போன் பழைய குணத்துக்கே திரும்பிவிடுகிறது. முகூர்த்த நேரத்தில் லைன் அறுந்தால், ஐயரை நிறுத்திவைத்துவிட்டா அதன் வயிற்றுக்குள் தடவிக்கொண்டிருப்பது? "மறதிக்காரப் போன். வேண்டாம்" என்றார் மாமி. இத்தனைக்கும் கடையிலேயே விலை கூடிய போன் அதுதான்.

இரண்டாவது போன் மறக்கவில்லை. ஆனால் தீபாராதனை முடிவதற்குள் தோசைக்கல்லாகக் கொதித்தது. படம் நின்று நின்று வந்தது, தவில் விக்கியது. ஒரு பூசைக்கே இப்படி என்றால், கல்யாணத்துக்கு எப்படித் தாங்கும்?

மூன்றாவது போன் பார்க்கச் சுமார்தான். கேமராவும் அப்படித்தான். மாமி அழைத்தார், துண்டித்தார், அழைத்தார். போனை அணைத்து, மறுபடி உயிர்கொடுத்து அழைத்தார். ஒவ்வொரு தரமும் அண்ணன் அந்தப் பக்கத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அர்ஃபானே பொறுமை இழந்து, "ஆண்ட்டி, இதைவிட நல்லா டெஸ்ட் பண்ண ஃபேக்டரிக்குத்தான் போகணும் லா" என்றார்.

"இன்னும் முடியேல்லை" என்றார் மாமி. சரியில்லாவிட்டால் நாளைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, அந்தப் போனோடு ரயில் ஏறினார். காதில் இயர்போன். அண்ணனை, தீவின் வடக்குக் கோடியில் இருக்கிற மார்சிலிங் வரைக்கும் லைனிலேயே வைத்திருந்தார். பாவம் மனுஷன், ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடுகிற மணியைக் கேட்டுக்கொண்டே காலைச் சாப்பாட்டை முடித்தார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது மாமி போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு, அவ்வளவுதான்.

ஆரபிக்கு அந்தப் போன் பிடிக்கவில்லை. "மாமி, கேமரா ரொம்ப டல். எல்லாரும் கம்ப்ளெயின் பண்ணுவாங்க."

"படத்துக்கு வேற ஆள் இருக்கு, பிள்ளை. இது உன்ர அப்பாவுக்கு" என்றார் மாமி. ஆரபி போனை வாங்கி, தானே சார்ஜில் போட்டாள்.

கல்யாண நாள். கோயில் நிறையச் சனம். வசீகரன் வீட்டார் ஏற்பாடு செய்த வீடியோக்காரர்கள் முக்காலியும் விளக்கும் கம்பியுமாக இடத்தை வளைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மாமியிடம் வந்தார்.

"ஆண்ட்டி, எங்க லைவ் எல்லா நாட்டுக்கும் போகுது. நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க."

"உங்கட லைவ் அங்கை போய்ச் சேர எவ்வளவு நேரம் பிந்தும்?"

"அரை நிமிஷம் பிந்தும். அதெல்லாம் ஒரு மேட்டரா?"

"அரை நிமிஷம் பிந்தி அட்சதை போட்டால், அது தாலிக்கோ, பிறகு குடிக்கிற சர்பத்துக்கோ?"

அவர் விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். ஆனாலும் மாமி தள்ளித்தான் நின்றார். மணவறைப் பக்கம் அல்ல, மேளக்காரர்கள் பக்கம். தவில்காரருக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்றுகொண்டார். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். மாமி கண்டுகொள்ளவில்லை.

சிட்னியும் நல்லூரும்கூட அந்த அழைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. திரையில் பெரிதாக அண்ணன் தெரிந்தார். அங்கே இரவு. பட்டு வேட்டி சால்வையோடு, நெற்றியில் விபூதியோடு, ஏதோ மணவறையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் நின்று ஒரு கிண்ணத்தைப் பிடித்திருந்தான். ஜெயரத்தினத்தின் வலது கை அட்சதையை மூடிக்கொண்டிருந்தது.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்து ஐயரிடம் சேர்ந்தது. ஐயர் தாலியை எடுத்து வசீகரனின் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, திரை கறுத்தது. லைன் போய்விட்டது. கோயிலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் வேறு என்ன ஆகும்?

மாமி "பிள்ளையாரே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கை மட்டும் ஆடவில்லை. மறுபடி அழைத்தார். ஒரு தரம் மணி அடித்தது. இரண்டு தரம். வசீகரன் எழுந்து ஆரபியின் பக்கம் வந்தான். திரையில் அண்ணனின் முகம் மீண்டது. ஐயர் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் இடித்தது. மாமி போனை அதன் பக்கமாக நீட்டிக்கொண்டு, அண்ணனை மட்டும் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மாமியின் உயிர் அந்தக் கணத்தில் போய்த் திரும்பியது. பிறகு ஜெயரத்தினம் தலையை விருட்டென்று நிமிர்த்தினார். மூடியிருந்த கை திறந்து, மகள் எதிரே நிற்பதுபோல அட்சதையை வீசியது. அரிசி நேராக வந்து அந்தப் பக்கத்துத் திரையில் விழுந்தது. மாமி தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அதே நேரத்தில் கோயில் முழுக்க அரிசியும் பூவும் பறந்தன, ஆரபியின் கூந்தலிலும், மாமியின் தோளிலும், வீடியோக்காரரின் விலை உயர்ந்த கேமராவிலும்.

"கேட்டுதா அண்ணை?" என்று மாமி கத்தினார்.

"கேட்டுது மனோ! கேட்டுது! சரியான நேரத்துக்குப் போட்டிட்டன்!"

சத்தம் அடங்குவதற்குள் குடும்பக் குழுவில் செய்திகள் குவிந்துவிட்டன. படம் முழுக்கத் தவிலின் வயிறுதான் தெரிந்தது என்று சிட்னி குறைப்பட்டது. தாலி எங்கே என்று நல்லூர் கேட்டது. மாமி ஒருவருக்கும் பதில் போடவில்லை. இந்தத் தரம் நொந்துபோய் அல்ல. புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துக் கைப்பையில் வைத்துவிட்டு, கோயிலுக்கு அவர்தான் சொந்தக்காரர் என்பதுபோல நிமிர்ந்து நடந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனார். சாம்பாரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஆரபி மாலையும் கழுத்துமாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி, நீங்க அந்த மூலையில நின்னீங்களே. தாலி கட்டுறதைப் பார்க்கவே இல்லையா?"

"ஆர் சொன்னது?" என்றார் மாமி. "உன்ர அப்பாவின்ர முகத்திலை வடிவாப் பாத்தன்."