பேனரில் முளைத்த தீவு

பேனர் கடையில் படம் வடிவமைக்கும் ‘வெட்டி ஒட்டி’க்குத் தலைவரின் முகம் மனப்பாடம். ஆனால் போன மாதம் அந்த முகத்துக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் குன்றைத் தலைவரின் ஆட்கள் உடைத்து விற்கிறார்கள் என்று ஊரே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாடு நம் நாட்டின் ஆளில்லாத ஒரு தீவில் கொடி நட்டது. தலைவருக்கு அடித்தது யோகம்.

“தலைவருக்குப் பின்னாடி தீவு தெரியணும். ‘ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டோம்’னு பெருசா போடு” என்றார் கட்சிக்காரர்.

தீவின் படம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வெட்டி ஒட்டி தன் போனில் கிடந்த குன்றின் பழைய படத்தை எடுத்து, சுற்றிலும் கடலை ஒட்டிவிட்டார்.

மறுநாள் நாற்சந்தியில் பேனருக்கு மாலையும் கோஷமும் தூள் பறந்தன. திட்டிய வாய்களே வாழ்த்தின. வெட்டி ஒட்டியின் மனைவி மட்டும் அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, இது நம்ம குன்றுல்ல?”

“சும்மா இரு. இப்பதான் அதுக்கு உயிரைக் குடுக்க நாலு பேர் வந்திருக்காங்க.”

பின்னால் ஹாரன் கேட்டது. குன்றின் கல்லை ஏற்றி வந்த லாரிக்குக் கூட்டம் கோஷத்தை நிறுத்தாமலே ஒதுங்கி வழிவிட்டது.