வினாகிரியில் கழுவிய முகமூடி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. கூட வேலை செய்தவர் கொங்கோக்காரர், லேகா இனத்தவர். நான் பழக்கிவிட்டதில் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். “உன் அரை ஜெர்மனும் என் அரை ஜெர்மனும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்” என்பார். அவர் வாயில் வருவதையெல்லாம் வீட்டில் வந்து மனைவிக்கு ஒப்புவிப்பேன்.

அவருக்கு ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். அவர் இருந்த அகதி விடுதியில் களவு பயம். துவாயில் சுற்றிய சின்னப் பொதி ஒன்றை எங்களிடம் தந்தார். செத்துப்போன தகப்பனின் மரமுகமூடியாம்.

“உதைப் போட்டுக்கொண்டு ஆடுறவையோ எண்டு கேளுங்கோ” என்றாள் மனைவி. கேட்டேன்.

“இல்லை அக்கா. கையில் பிடிப்பது. பிடித்தால் அப்பா பக்கத்தில் இருப்பார்.”

பிறத்தியார் சாமான் என்று பிரித்துப் பார்க்காமல் அலுமாரிக்கு மேலே வைத்தோம்.

எங்கள் வீட்டுச் சுவர் ஈரச்சுவர். ‘ஷிம்மல்’ என்றால் ஜெர்மனில் பூஞ்சணம் என்பதை, ‘காலை வணக்கம்’ சொல்லப் பழகுமுன்னரே படித்தவர்கள் நாங்கள். இரண்டாம் வாரம் துவாய் ஈரமாக இருக்கவே பிரித்தேன். உள்ளங்கையளவு முகம், நார்த்தாடி, முகம் முழுக்கத் திட்டுத்திட்டாக வெள்ளை.

“ஐயோ, எங்கடை ஷிம்மல் பிடிச்சிட்டுதப்பா!”

சுவருக்குச் செய்வதையே செய்தேன். பூஞ்சணம் போக்கும் வினாகிரித் தண்ணீர், பழைய பல்லுத்தூரிகை. கண் இடுக்கையும் விடவில்லை. தேங்காயெண்ணெய் பூச, மரம் மினுங்கியது.

“பள்ளிக்கூடத்தையே மினுக்கிற ஆள், உதை விடுவியளோ” என்று மனைவி சிரித்தாள். எனக்கும் பெருமைதான்.

ஒப்பரேஷன் முடிந்து அவர் மெலிந்து வந்தார். துவாயைப் பிரித்ததும், “வெள்ளை எங்கே?” என்றார்.

சொன்னேன்.

அது வெள்ளைக் களிமண். பெரியவர்கள் கூடும்போதெல்லாம் தகப்பன் விரலால் பூசுவாராம். கடைசிப் பூச்சில் மூக்கோரம் அவர் விரல் இழுத்த தடம் இருந்ததாம்.

“களிமண் இங்கேயும் வாங்கலாம். நானே வாங்கித் தாறன்” என்றேன்.

“பூசலாம், அண்ணை. அது என் விரலாக இருக்கும்.”

கோபித்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, “கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினாய்?” என்று கேட்டார்.

குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினேன். எழுந்து போனார். தேத்தண்ணிக்குக் கேத்தலில் தண்ணீர் பிடிக்க நின்ற மனைவி, ஒன்றும் விளங்காமல் குழாயை மூடிவிட்டு விலகினாள். அவர் தொட்டியின் ஓட்டையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.