தடமில்லாத காடு

மோகனூர்ப் பக்கம் பதினைந்து வருடம் நிலத் தரகு பார்த்தவன் நான். யார் விளைநிலத்தை, எங்கள் பேச்சில் காட்டை, விற்க வந்தாலும் என் முதல் கேள்வி, "வண்டித்தடம் இருக்குதுங்களா?" இல்லையென்று தலை குனிந்தால் போதும், "அப்பப் பாதி வெலை கூடப் போவாதுங்க" என்று ஈவிரக்கமில்லாமல் அடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. தொழில் தெரிந்தவன் அல்லவா!

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தார்கள். பைபாஸ் ஓரம் மனை போட்டவர்கள், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்று அரசாங்கத்தில் பதிந்தவர்கள் மட்டும் ஆள் கூட்டிவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நேற்று மீசை முளைத்த பையன்கள் பதிவெண் அச்சடித்த விசிட்டிங் கார்டை நீட்டினார்கள். நானும் பதிந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆடிட்டரிடம் போனேன். ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டவர் கடைசியில் கேட்டார்: "உங்க மேல கேசு ஏதாச்சும் நிலுவையில இருக்குதுங்களா?"

இருந்தது. போட்டவன் என் கூடப்பிறந்த அண்ணன்.

ரோட்டை ஒட்டியது அவன் காடு. அதற்குப் பின்னால் என் இரண்டு ஏக்கர். அவன் வரப்போரமாகத்தான் என் டிராக்டர் போயாக வேண்டும். ஒருநாள் அந்தத் தடத்தில் கல் நட்டான். நான் பிடுங்கி எறிந்தேன். மண்வெட்டியால் வெட்ட வந்ததாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டான். மண்வெட்டி கையில் இருந்தது உண்மைதான். ஓங்கவில்லை.

"மறைச்சீங்கன்னா பின்னால பதிவையே ரத்துப் பண்ணிருவாங்க. முடிச்சுட்டு வாங்க" என்றார் ஆடிட்டர்.

அண்ணன் வீட்டு வாசலை மிதித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அண்ணி தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை.

"கேசை முடிச்சுக்கலாம். வண்டித்தடம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. நடந்து போயிக்க, வேண்டாங்கல."

ஒரு வாரம் மனதைப் போட்டு உழப்பினேன். ரெண்டு ஏக்கர் சோளத்தை வைத்தா பிழைக்கிறோம், லைசென்ஸ் கைக்கு வந்தால் இதைப்போலப் பத்துக் காடு வாங்கலாம் என்று, பார்ட்டியிடம் பேசுவதைப்போல எனக்கு நானே பேசி, நானே மயங்கினேன். பத்திர ஆபீசில் விரலை வைத்தேன். கோர்ட்டில் இருவரும் சமாதானம் என்று சொன்னோம். வெளியே வந்து ஆளுக்கொரு பஸ் ஏறினோம்.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிச் சூடம் காட்டினேன்.

அந்த வாரமே முதல் வியாபாரம் வந்தது. அண்ணன்தான் வந்தான், கூடவே போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி ஒருவர். அண்ணன் காட்டை முதலாளி விலை பேசி முடித்துவிட்டாராம். பின்னால் இருப்பதையும் சேர்த்து வாங்க ஆசை. அது யார் காடு என்று அண்ணன் அவரிடம் மூச்சுவிடவில்லை. நான் தம்பி என்றும் சொல்லவில்லை.

முதலாளி சுவரில் இருந்த சான்றிதழை நிதானமாகப் படித்தார்.

"கவருமெண்டுல பதிஞ்சவரு, நாயமாச் சொல்லுவீங்க. பின்னாடிக் காட்டுக்குத் தடமில்லீங்களாம். என்ன வெலை போவுமுங்க?"

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதி வெலை கூடப் போவாதுங்க" என்றேன். அது என் காடு என்பதை அதற்கப்புறம்தான் சொன்னேன்.