செருப்பில் வெட்டிய தக்கை

மாம்புரியில் மெலனியின் வீட்டில் குப்பைக்கூடை கிடையாது. தேவைப்படவில்லை. யோகட் கோப்பை, முட்டை அட்டை, அறுந்த வலைத்துண்டு, கலியாணக் கார்ட்டின் மினுங்கும் ஓரம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பெட்டி இருந்தது. கலியாணத்துக்கு முன்னர் அவள் முந்தல் ஊரில் நாலு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அந்தப் பள்ளியின் மொத்தச் சொத்து இருபத்தாறு பிள்ளைகளும் ஒரு மேசையும். ஒன்றுமில்லாததிலிருந்து எதையும் செய்யலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். ஆண்டவர் உலகத்தைப் படைத்ததும் அப்படித்தான் என்பதால் அதில் அவளுக்குச் சமய ரீதியான ஆட்சேபமும் இல்லை.

கடற்றொழில் செய்யும் றொபியைக் கட்டிக்கொண்டு வந்தபின் வீட்டையே முன்பள்ளி ஆக்கினாள். ஒரே மகள் ஜெசிக்காவுக்குக் கடைப் பொம்மை என்று ஒன்று வாங்கியதில்லை. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை பழைய இறப்பர் செருப்பில் மீன் உருவம் வெட்டும், சிரட்டையில் ஆமை செய்யும், தலையணை உறையைப் பாதர் மாதிரிப் போர்த்திக்கொண்டு பால்மா டின்னைத் தூக்கிப் பூசை வைக்கும். பூசைக்குக் கோழிகள் வரும். பிரசங்கம் நீண்டால் போய்விடும்.

போன வருடம் நத்தாருக்குக் கட்டும் பாலன் குடிலுக்கு ஆடு வேண்டும் என்று அப்பாவின் வலையிலிருந்து பதினொரு மிதப்புகளை ஜெசிக்கா வெட்டி எடுத்தாள். வலை கீழே போனது. றொபி அந்த வீட்டில் முதல்முறையாகச் சத்தம் போட்டான். அதன்பிறகு மெலனி ஒரு சட்டம் போட்டாள்: ஒன்றை எடுத்தால், அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொன்றைச் செய்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்று நினைத்தாள். வந்தது. அதுதான் வினையாகப் போனது.

இந்த மார்கழியில், பிள்ளைகள் கையால் செய்த குடில்களைப் பார்க்க ஞாயிறு பூசை முடிந்து பாதர் வீடு வீடாக வருவார் என்று கோயிலில் அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விறாந்தையில் குடில் தயார். கிடுகுக் கூரை, பஞ்சு ஆடுகள், சிப்பி முக்காடு போட்ட மாதா. எல்லோரையும்விடச் சூசையப்பர்தான் எடுப்பாக நின்றார்: தும்புத் தாடியும் கறுத்த மேனியுமாக, நல்ல கனமான மனிதர்.

பக்கத்து வீட்டு டொறத்தி வந்தாள். றொபியின் அக்கா.

"இதென்ன, குடிலா குப்பைமேடா?"

"கிட்ட வந்து பாருங்கோ மச்சாள்."

"பாதர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார்" என்றபடி டொறத்தி குனிந்து சூசையப்பரைத் தூக்கினாள். தூக்கியவள் அவரைத் தலைகீழாகத் திருப்பினாள். விளிம்பைப் பெருவிரலால் தடவினாள், முகர்ந்தாள். மீன்பிடிகாரனுக்கு மகளாகப் பிறந்து மீன்பிடிகாரனையே கட்டியவள்; அந்த மரத்தை அவளுக்குத் தெரியும்.

"மெலனி, இது தக்கை."

மீன்பிடி போட்டின் பின்பக்கம், அடியோடு சேர்ந்து ஒரு துவாரம் இருக்கும். கரையில் ஏற்றியதும் அதைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடிய விடுவார்கள். கடலுக்குப் போகும்போது ஒரு மரக்கட்டையால் இறுக்கி அடைப்பார்கள். அந்தக் கட்டைதான் தக்கை.

"பழசாயிருக்கும் மச்சாள்."

"பழசை அடுப்புக்குள்ள வச்சது நான். போன மாசம்."

ஜெசிக்காவைக் கூப்பிட்டார்கள். கூச்சம் ஏதுமில்லாமல் வந்து நின்றாள். சட்டப்படி நடந்தவளுக்கு என்ன பயம்?

"ஓம், அப்பாட போட்டிலதான் எடுத்தனான். சும்மா எடுக்கேல்ல. வேற ஒண்டு செய்து நேத்துப் பின்னேரம் வச்சிட்டன்."

"எதில செய்தனீ?" என்றாள் மெலனி.

"செருப்பில. நாலு வட்டம் வெட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டி, கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசினனான். நல்லா இறுக்கித்தான் விட்டனான், அம்மா."

"எதால ஒட்டினது?"

"நீங்க காய்ச்சின பசையால."

மெலனி கோதுமை மாவில் பசை காய்ச்சுவாள். காகிதத்துக்கும் அட்டைக்கும் அதைப்போல ஒன்றில்லை. தண்ணீர் பட்டால் திரும்பவும் கூழ்.

றொபி விடியமுன் நாலு மணிக்கே போய்விட்டான். இருட்டில் கையை விட்டுத் துவாரத்தைத் தடவிப் பார்த்திருப்பான். அடைத்திருக்கிறது, போகலாம் என்றிருப்பான். கூடப் போனது டொறத்தியின் புருஷன் ஜெயந்தன். முப்பது வருடம் கடலில் தொழில் செய்தும் ஜெயந்தனுக்கு நீந்தத் தெரியாது. புழுக்கமாயிருக்கிறது என்று அவர் கழற்றிப்போட்ட உயிர்காப்பு அங்கி டொறத்தியின் வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

றொபியின் போனுக்கு எடுத்தால் தொடர்பில்லை. இரண்டு பெண்களும் கரைக்கு ஓடினார்கள். பின்னால் ஜெசிக்காவும் ஓடினாள்.

கரையில் இன்னொரு போட்காரரான முஹ்ஸின் நானா வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போட்டில் மற்றப் போட்டுகளோடு கதைக்கும் றேடியோ செற் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் செற்றை எடுத்துக் கூப்பிட்டார். இரைச்சலுக்குள் யாரோ பதில் சொன்னார்கள்: றொபியின் போட்டை ஏழு மணிக்கு மேற்கே கண்டது, எஞ்சின் நிப்பாட்டி வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓடுற வரைக்கும் பயமில்ல தங்கச்சி" என்றார் முஹ்ஸின். "ஓடேக்குள்ள பின்னால தண்ணி ஏறாது. நிண்டாத்தான்."

"வலை இழுக்க நிக்கத்தானே வேணும் நானா?"

முஹ்ஸின் வலையை அப்படியே போட்டார். எண்ணெய்க் கலனை ஏற்றினார், நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டைத் தள்ளினார், போய்விட்டார். அப்போது ஒன்பதரை தாண்டியிருந்தது.

டொறத்தி மணலில் முழந்தாளிட்டுச் செபமாலையை எடுத்தாள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க... பள்ளிக்கூடம் நடத்துறாவாம் பள்ளிக்கூடம்... கர்த்தர் உம்முடனே... அந்தப் பசைப் பானையை உன்ட தலையில கவிழ்க்கிறன் பார்..." மணிகள் தவறாமல் நகர்ந்தன. திட்டும் தவறவில்லை.

மெலனிக்குச் செபம் வரவில்லை. கை சும்மா இருக்கவும் மறுத்தது. ஜெசிக்காவை வீட்டுக்கு அனுப்பி சோடியின் மற்றச் செருப்பு, கத்தி, பசை டின், பெட்டிக்குள் கிடந்த ஓட்டை வாளி எல்லாவற்றையும் கொண்டுவரச் செய்தாள்.

"அதே மாதிரி செய்."

பிள்ளை செய்தாள். நாலு வட்டம், ஒன்றுக்கு மேல் ஒன்று, பசை. வெட்டு அவ்வளவு சுத்தம். முந்தலில் ஒரு பிள்ளைக்கும் அப்படி வரவில்லை என்று மெலனிக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. அதை வாளியின் ஓட்டையில் இறுக்கிக் கடல்நீர் நிரப்பினார்கள். மெலனி போனில் நேரத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தாள்.

பதினாலாவது நிமிடம் முதல் வட்டம் கழன்று மிதந்தது. இருபதாவது நிமிடம் வாளி ஒழுகத் தொடங்கியது.

டொறத்தியின் செபம் நின்றது. "இருபது நிமிஷம்" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. "ஏழு மணிக்கு நிப்பாட்டினவங்கள்."

"இது காயேல்ல மாமி" என்றாள் ஜெசிக்கா. "அது மூண்டு நாள் வெயிலில காய்ஞ்சது."

நியாயமான ஆட்சேபம். ஈரப்பசையை வைத்துக் காய்ந்த பசையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று மெலனிக்குத் தெரியும். ஆனால் வாளி அவள் கண்முன்னே ஒழுகிக்கொண்டிருந்தது.

எதைச் செய்தாலும் அசலா நகலா என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை வருடமாக அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவந்தாள். இப்போது, மகள் அந்த ஒரு வேலையை மட்டும் அலங்கோலமாகச் செய்திருக்க வேண்டும், அதை றொபியின் விரல் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று மன்றாடினாள். கேட்கக்கூடாத வரம் போல இருந்தது. கேட்டாள்.

பதினொன்றே காலுக்கு மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இரண்டானது. ஒரு போட் இன்னொன்றைக் கட்டி இழுத்து வந்தது. பின்னால் வந்தது மிகவும் தாழ்ந்திருந்தது. டொறத்தி எழுந்து தலைகளை எண்ணினாள். முன் போட்டில் முஹ்ஸின். பின் போட்டில் ஒருவன் குனிந்து வாளியால் தண்ணீர் இறைத்தான், றொபிதான். வேறு தலை தெரியவில்லை. டொறத்தி இரண்டாம் முறை எண்ணினாள். பிறகு கடலுக்குள் இறங்கி நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிறகுதான் கண்டாள்: ஜெயந்தன் பின்மூலையில், நெஞ்சுவரை தண்ணீருக்குள், குதிக்காலைத் துவாரத்தில் அழுத்தியபடி குந்தியிருந்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றிச் சுருட்டித் துவாரத்துக்குள் திணித்து, நாலு மணித்தியாலமாக அந்தக் காலை எடுக்கவில்லை.

"அங்கி எங்க?" என்றாள் டொறத்தி.

"கால் விறைச்சுப்போச்சு, பிடி" என்றார் அவர்.

வலையைப் பாதியில் அறுத்துவிட்டிருந்தார்கள். எஞ்சின் நனைந்து கிளம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்டைக் கரைக்கு இழுத்தார்கள். றொபி கடைசியாக இறங்கினான். உள்ளங்கையில் ஒரு கறுப்பு இறப்பர் வட்டம் இருந்தது.

"இதை ஆர் செய்தது?"

"நான்" என்றாள் மெலனி. பொய் சொன்னால் வாயில் மிளகாய் என்று மகளிடம் சொல்பவள். டொறத்தி திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல அப்பா" என்றாள் ஜெசிக்கா. "நான்தான் செய்தனான்."

றொபி அவள் பக்கம் திரும்பினான். "மூண்டு தரம் தடவினன்" என்றான். "எனக்கே தெரியேல்ல."

அவன் கையை நீட்டினான். அடிக்கப்போகிறானோ என்று மெலனி ஓர் அடி முன்னால் வந்தாள். அவன் மகளின் தோளைப் பிடித்துப் போட்டின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, துவாரத்துக்குள்ளிருந்த சேட்டை உருவினான். தண்ணீர் கைப்பிடித் தடிப்பில் மணலுக்குப் பாய்ந்தது.

"பாத்துக்கொண்டு நில். தண்ணி முடியுமட்டும்."

ஜெசிக்கா நின்றாள். மெலனியும் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. தண்ணீர் மணலில் வாய்க்கால் வெட்டிக் கடலுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. முடிய முக்கால் மணித்தியாலம் எடுத்தது.